ஆச்சியின் கார்டில் 35 கிலோ

எனக்கு எழுத்து அழகாக வரும் என்று முதலில் சொன்னவர் அப்பாதான். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் சாயங்காலம் என் தமிழ் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாப்பா, எனக்கு ரெண்டு பில் எழுதித் தாயேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா ரேஷன் கடை விற்பனையாளர். அவருடைய பில் புத்தகம் எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு அடுத்தபடியாக மதிப்புள்ள பொருள். அக்கா அதைத் தொட்டால்கூடத் திட்டு விழும். அதை என் மடியில் வைத்தார்.

இதை இத்தனை வருஷம் கழித்து எழுதுவதற்குக் காரணம் போன வாரம் என் வகுப்பில் நடந்த ஒரு விஷயம். நான் இப்போது பள்ளி ஆசிரியை. எட்டாம் வகுப்புக்கு விண்ணப்பக் கடிதம் நடத்திக்கொண்டிருந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து நிற்கிறான். "டீச்சர், நம்ம வீட்டு ஆளு மேலயே மனு எழுதலாமா?" என்றான். பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. நான் என்னவோ சொல்லி அவனை உட்காரவைத்துவிட்டேன். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவனிடம் தனியாகப் பேசவேண்டும். அதற்கு முன்னால் நான் செய்ததை ஒருமுறை முழுசாக எழுதிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியது.

நான் பில் எழுத ஆரம்பித்தது 2008 கடைசியில். அந்த செப்டம்பரில்தான் ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாயிலிருந்து 1 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. கடையில் கூட்டம் அலைமோதும். இப்போது மாதிரி பில் போடும் இயந்திரம், கைரேகை, போனுக்கு வரும் குறுஞ்செய்தி எதுவும் கிடையாது. புத்தகம் மாதிரி ஒரு பச்சை அட்டை. அதில் மாசத்துக்கு ஒரு கட்டம். வாங்கிய அளவை விற்பனையாளர் பேனாவால் எழுதுவார். பில் தனியாக, கார்பன் வைத்து எழுதவேண்டும். எங்கள் ஊரில் பில் கேட்டு வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. அரிசியை வாங்கினோமா, அட்டையை வாங்கினோமா, போனோமா என்று இருப்பார்கள்.

"கூட்டத்துல எழுத நேரமில்ல, மொத்தமா ராத்திரி எழுதிரலாம்" என்பார் அப்பா. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் கார்டு எண்களும் அதற்கு நேரே அளவுகளும் வரிசையாக இருக்கும். நான் அதைப் பார்த்துத் தேதி, கார்டு எண், பெயர், அரிசி, சர்க்கரை, கோதுமை, மண்ணெண்ணெய், தொகை என்று நிரப்பிக்கொண்டே போவேன். பத்து பில் நீலப் பேனாவில், அடுத்த பத்து கறுப்புப் பேனாவில். "எல்லாத்தையும் ஒரே மாதிரி எழுதாத. கொஞ்சம் சாய்ச்சு எழுது" என்பார். ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. விதவிதமாக எழுதிக் காட்டுவது எனக்கு விளையாட்டு மாதிரி இருந்தது.

கார்பனில் எழுத்து விழவேண்டும் என்றால் பேனாவை அழுத்திப் பிடிக்கவேண்டும். நடுவிரலின் ஓரத்தில் ஒரு குழி விழுந்து, அப்புறம் அது காய்த்துப்போனது. உள்ளங்கையின் ஓரம், சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை, எப்போதும் ஊதா கலந்த நீலமாக இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. சாப்பிடும்போது அந்தக் கை தட்டில் பட்டால் சில்வர் தட்டிலும் லேசாக ஒரு நிழல் விழும். பள்ளிக்கூடத்தில் கேட்டால், "எங்க அப்பா கடைக்கு பில் எழுதுதேன்" என்று பெருமையாகச் சொல்லுவேன்.

அப்பாவைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. அது உண்மையும் இல்லை. காலையில் கடை திறப்பதற்கு முன்னால் வாசல் தெளித்து, மூட்டைக்கு அடியில் எலி புகுந்திருக்கிறதா என்று பார்த்து, வயசானவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து வரிசையில் முன்னுக்கு விடுகிற மனிதர் அவர். கடையில் அவர் ஒருவர்தான். எடை போடுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவரே. கிடங்கிலிருந்து வருகிற மூட்டை கணக்குப்படி 50 கிலோ. சாக்கைக் கழித்து நிறுத்தால் 48 இருக்கும், சில மாசம் 47. லாரியிலிருந்து இறக்குகிறவர்களுக்குக் கைக்காசு கொடுக்கவேண்டும். மாசம் ஒருதடவை வந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு கவர். இருப்பில் ஒரு கிலோ குறைந்தாலும் அபராதம் விற்பனையாளர் தலையில்தான் விழும். சரியான எடையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள் என்று ரேஷன் கடை ஊழியர்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் அப்பா முதலில் கார்டுகளில் கை வைத்தார். வெளியூரில் வேலைக்குப் போனவர்கள், அரிசி வாங்க வராதவர்கள், இவர்கள் பெயரில் பில் போட்டால் குறைகிற எடை சரியாகிவிடும். ஆனால் ஓட்டை அடைந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. செங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். புளியரை தாண்டினால் கேரளா. 1 ரூபாய் அரிசிக்கு அங்கே நல்ல விலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு வேன் வரும். அன்றைக்கு மட்டும் அம்மா எட்டு மணிக்கே விளக்கை அணைத்துவிடுவாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரியவைத்தது கோடி வீட்டு ஆச்சியின் கார்டு.

எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. தபால்காரர் மணியார்டரில் கொண்டுவந்து கொடுக்கும் முதியோர் பென்ஷன் 400 ரூபாய்தான் வருமானம். அவரிடம் இருந்தது ஏ.ஏ.ஒய். கார்டு. அந்த்யோதயா திட்டம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. இருப்பதிலேயே ஏழ்மையான குடும்பங்களுக்கு, ஆதரவில்லாத வயசானவர்களுக்கு, மாசம் 35 கிலோ அரிசி. மற்ற கார்டுகளுக்கு அதிகபட்சம் 20 கிலோ. ஆச்சிக்கு மூட்டுவலி, வரிசையில் நிற்க முடியாது. அதனால் சனிக்கிழமையில் நான் அவருடைய கார்டை எடுத்துக்கொண்டு போய் வாங்கிவருவேன். அந்தக் கார்டு எண் எனக்கு மனப்பாடம்.

2009 ஆவணி மாசம், எட்டாம் வகுப்பில் இருக்கிறேன். ஒரு சனிக்கிழமை அப்பாதான் தராசில் அரிசியைக் கொட்டினார். 15 கிலோ. "இந்த மாசம் இவ்வளவுதான் வந்திருக்கு, ஆச்சிட்ட சொல்லிரு" என்றார். சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய் இறக்கி, ஆச்சியின் மண்பானையில் நானே கொட்டினேன். அன்று ராத்திரி காலண்டர் தாளில் எட்டாவதோ ஒன்பதாவதோ வரிசையில் அதே எண் வந்தது. நேரே 35 என்று இருந்தது.

"அப்பா, இது 15தானே? நான்தானே வாங்கிட்டுப் போனேன்" என்றேன். அப்பா தப்பாக எழுதிவிட்டார், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்ற உற்சாகத்தில்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "அதுல என்ன இருக்கோ அத எழுது" என்றார்.

நான் 35 என்று எழுதினேன்.

மறுநாள் அம்மாவிடம் கேட்டேன். அம்மா அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலேயே, "ஏட்டி, இது நம்ம வீட்டு விஷயம். வெளியில மூச்சு விட்டே, தொலைச்சுப்புடுவேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "உங்கக்காவுக்கு நகை போடணும். உன்னயப் படிக்க வைக்கணும். அவுக யாருக்காகச் செய்யுதாவ, தனக்காகவா?" என்றாள். அந்தக் கேள்விக்கு 13 வயசில் என்னிடம் பதில் இல்லை. என் கால் கொலுசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன தீபாவளிக்கு வாங்கியது.

அதற்குப் பிறகும் ஐந்து மாசம் நான் எழுதினேன். இதை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. தெரிந்த அன்றைக்கே பேனாவைத் தூக்கிப்போட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு மாசமும் ஆச்சிக்கு 15 கிலோவைக் கொண்டுபோய்க் கொட்டினேன். ஒவ்வொரு மாசமும் 35 என்று எழுதினேன். இப்போது மற்ற எண்களையும் கவனிக்க ஆரம்பித்திருந்தேன். மும்பையில் இருக்கும் எதிர்வீட்டுக்காரர்கள், திருப்பூருக்குப் போய்விட்ட என் கூட்டாளியின் குடும்பம், எல்லாரும் மாசாமாசம் எங்கள் கடையில் அரிசியும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள், என் எழுத்தில். சாய்த்து எழுதுவது விளையாட்டாக இல்லாமல் போயிற்று.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். ஆச்சி கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் பள்ளிக்கூடத்து வாசலுக்கே வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் யாரோ, இந்தக் கார்டுக்கு 35 கிலோ உண்டே என்று சொல்லியிருக்கிறார்கள். "ஏளா, இதுல எத்தனைன்னு போட்டிருக்கு, பாரு" என்று நீட்டினார். வேப்பமரத்தடியில் நின்று பிரித்தேன். அப்பாவின் கையெழுத்து. மாசாமாசம் 35, 35, 35. அதிகாரிகள் வந்தால் கார்டும் பில்லும் ஒத்துப்போகவேண்டும் இல்லையா, அதற்காக.

"15ன்னு போட்டிருக்கு ஆச்சி" என்றேன்.

ஆச்சி உடனே கார்டை வாங்கிக்கொண்டார். "நீ படிச்ச பிள்ள, நீ சொன்னா சரிதான். அவ சும்மா என்னமோ சொல்லுதா" என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருக்காரியைக் குறை சொன்னதற்கு வருத்தப்படுகிற மாதிரி ஒரு முகத்தோடு போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று.

இத்தனை வருஷத்தில் நான் செய்த காரியங்களில் இதைத்தான் நான் மறக்கவில்லை. பில் எழுதியதுகூட அப்பா சொல்லி எழுதியது. இந்தப் பொய்யை யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானே யோசித்து, நானே சொன்னேன். குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போதே அது கரைந்துபோய்விட்டது.

அந்த மாசக் கடைசியில் ஆச்சிக்கு வெற்றிலை வாங்கிக் கொடுக்கப் போனேன். அவர் உலை வைத்துக்கொண்டிருந்தார். பானைக்குள் கையை விட்டு உழக்கில் அரிசியை அள்ளினார். உழக்கு பானையின் அடியில் உரசுகிற சத்தம் கேட்டது. அள்ளியதைத் தலை தட்டி, அதிலிருந்து ஒரு கை எடுத்து மறுபடி பானையில் போட்டார். போட்டுவிட்டு, இன்னும் நாலு பருக்கை விரலில் ஒட்டியிருந்ததையும் பானை விளிம்பில் தட்டிவிட்டார். மாசம் முடிய ஐந்து நாள் இருந்தது. வெளிக்கடையில் அரிசி அப்போது கிலோ 20 ரூபாய்க்கு மேலே.

"ஆச்சி, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன். கார்டுல 35ன்னுதான் போட்டிருக்கு" என்றேன்.

அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கண்ணில் புகை. ரொம்ப நேரம் ஒன்றுமே சொல்லவில்லை. அப்புறம், "உங்கப்பன்ட்ட நீ சொல்லிட்டயா, என்ட்ட சொல்லப்போறேன்னு?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "சரி, வெத்தலையை அங்கன வை" என்றார்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போவதாகவும் அதை நான்தான் எழுதித் தரவேண்டும் என்றும் சொன்னார். தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் மனு எழுதுவேன். பென்ஷன் மனு, தெருவிளக்கு மனு, எல்லாம் எட்டாம் வகுப்பு விண்ணப்பக் கடித முறையில். ஆனால் இந்த மனுவை என்னை எப்படி எழுதச் சொல்லலாம் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அதை அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார் போல. "வேற ஆளுட்ட போனேன்னா, நாளைக்கு ஊரு பூரா உங்கப்பன் பேரு நாறும். நீ எழுதுனா நம்ம ரெண்டு பேரோட போயிரும். அவன் பேரு போடாண்டாம். எனக்கு அரிசி வந்தாப் போதும். ஒனக்கு முடியலைன்னா வேண்டாம், நான் சும்மா இருந்துக்கிடுதேன்" என்றார்.

'சும்மா இருந்துக்கிடுதேன்' என்று அவர் சொன்னது நிஜம். நான் மாட்டேன் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். 15 கிலோவை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார். அதுதான் என்னை எழுத வைத்தது.

நோட்டில் நடுத்தாளைக் கிழித்து எழுதினேன். பொருள்: எனக்குரிய 35 கிலோ அரிசி முழுமையாகக் கிடைக்கச் செய்ய வேண்டுதல் சார்பாக. கீழே, 'கடந்த பல மாதங்களாக எனக்கு 15 கிலோ மட்டுமே வழங்கப்படுகிறது. ஆனால் என் குடும்ப அட்டையில் 35 கிலோ என்று எழுதப்படுகிறது' என்று. அப்பா பெயர் இல்லை. கடை எண் மட்டும் போட்டேன். சாய்க்காமல், என் சொந்த எழுத்தில் எழுதினேன். கைநாட்டு வைக்க மை இல்லை. என் பையில் பழைய கார்பன் தாள் ஒன்று மடித்துக் கிடந்தது. அதை ஆச்சியின் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தேன். பாத்திரம் விளக்கித் தேய்ந்த விரல், ரேகையே பாதி இல்லை. முதல் தடவை மங்கலாக விழுந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்து, விரலை என் இரண்டு கையாலும் பிடித்து உருட்டி வைத்தேன். இந்தத் தடவை விழுந்தது. ஆச்சியின் விரலும் என் கையும் ஒரே நிறத்தில் இருந்தன.

அவர் தனியாகக் கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்துக்குப் பஸ் ஏறினார். அப்போது தென்காசி தனி மாவட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் திருநெல்வேலிக்குத்தான் போகவேண்டும். மனு கொடுத்த ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

இரண்டு மாசம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு மாசமும் வீட்டில் ஒவ்வொரு சோற்று உருண்டையும் எனக்குத் தொண்டையில் நின்றுதான் இறங்கியது. பில் எழுத மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், பரீட்சை இருக்கிறது என்று. அவர் வற்புறுத்தவில்லை.

மனு எப்படி இறங்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. மேலே கொடுக்கிற காகிதம் அடுத்த ஆபீஸ், அதற்கடுத்த ஆபீஸ் என்று கைமாறி, கடைசியில் யாரைப் பற்றி எழுதினோமோ அவர் கையிலேயே வந்து நிற்கும். முழுப் பரீட்சை லீவில் ஒருநாள் காலையில் விசாரணைக்கு ஒருவர் ஜீப்பில் வந்தார். ஆச்சியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அப்பாவை வரச்சொன்னார். தெருவே கூடிவிட்டது. நான் முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்றேன். "இது யாருய்யா எழுதிக் கொடுத்தது? பில் புத்தகத்துலயும் இதே மாதிரி எழுத்து இருக்கே" என்று அவர் மனுவை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா அதை வாங்கிப் படித்தார். ஒரு பக்கம்தான் அது. படிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். என் எழுத்தை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் உலகத்திலேயே யாரும் கிடையாது. ஆச்சி அவசரமாக, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைய யாரையோ பிடிச்சு எழுதுனேன், எனக்கு ஞாபகம் இல்லய்யா" என்றார். அப்பா மனுவைத் திருப்பிக் கொடுத்தார். "யாரு எழுத்துன்னு தெரியலை சார். பில் எல்லாம் நான் எழுதுனதுதான். எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு" என்றார்.

அவர் அன்றைக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் ஒளிந்துகொள்ளவில்லை, அவருக்கு எதிரே போய் நின்றேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். என்னைப் பார்த்து, "கலெக்டருக்கு மாண்புமிகுன்னு போடக்கூடாது பாப்பா. அது மந்திரிமாருக்குப் போடுதது" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகு இந்தப் பதினைந்து வருஷத்திலும் சரி, அந்த மனுவைப் பற்றி அவர் என்னிடம் பேசியது இந்த ஒரு வார்த்தைதான்.

வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். குறைந்த சரக்குக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அப்பா செங்கல் சூளையில் கணக்கு எழுதப் போனார். ஆவணியில் நடக்கவேண்டிய அக்காவின் கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அக்காவுக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் கல்யாணம் நடந்தது. நல்லபடியாகவே இருக்கிறாள். "என் மேல உனக்குக் கோபம் இல்லையா?" என்று ஒருமுறை கேட்டேன். "இல்லட்டி" என்றாள். இரண்டாம் முறை கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மனு எழுதியது நான்தான் என்று அம்மாவிடம் நானே சொன்னேன். அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு இருக்கும், வார்த்தை இருக்காது. எனக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால் அக்காவிடம் சொல்லுவாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கதையைக் கேட்ட சிலர் என்னைத் தைரியசாலி என்கிறார்கள். எனக்கு அது பொருந்தாது. ஐந்து மாசம் தெரிந்தே எழுதியவள், வேப்பமரத்தடியில் பொய் சொன்னவள். சொந்தக்காரர்களில் சிலர், பெற்ற அப்பனையே காட்டிக்கொடுத்தவள் என்கிறார்கள். அதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் அப்பாவை எந்த நேரத்திலும் குறைவாக நேசிக்கவில்லை. எனக்கு இன்றைக்கு வருகிற கோபமெல்லாம் வேறு இடத்தில். 12 வயசுப் பிள்ளையின் கையில் அந்தப் பேனாவைக் கொடுத்திருக்கக்கூடாது. 'நம்ம வீட்டு விஷயம்' என்று அதன் வாயை அடைத்திருக்கக்கூடாது. ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் ஆச்சியின் உழக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் பெரியவர்கள். அப்பா இதைப் படிப்பார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். "எழுது, எடையை மட்டும் சரியாப் போடு" என்றார்.

அந்த வருஷம் ஆடி மாசம். கடைக்குப் பொறுப்பாக வந்த வேறு ஒருவர் ஆச்சிக்கு முழுசாக 35 கிலோ நிறுத்துக் கொடுத்தார். ஒரே நடையில் கொண்டுபோக முடியாது என்று சைக்கிளில் இரண்டு நடையாகக் கொண்டுபோனேன். பானை நிறைந்து, பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து அதிலும் கொட்டினோம். ஆச்சி பானைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்தார்.

மறுநாள் பித்தளைத் தூக்கில் இரண்டு படி அரிசியை அளந்து என்னிடம் கொடுத்து, "உங்கம்மாட்ட கொண்டு குடு" என்றார். எங்கள் வீட்டில் அப்போது அடுப்பெரிவது எப்படி என்று தெருவுக்கே தெரியும். நான் வேண்டாம் என்றேன். அவர் கேட்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு, "ஆச்சி குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அரிசியை டப்பாவில் கொட்டுகிற சத்தம். தூக்கைக் கழுவுகிற சத்தம்.

அம்மா வாசலுக்கு வந்தாள். தூக்கைத் துடைத்து, உள்ளே ஒரு வட்டுக் கருப்பட்டியை வைத்து மூடியிருந்தாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அக்காவைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். அக்கா உள்ளேதான் இருந்தாள். அம்மா என் பக்கம் தூக்கை நீட்டினாள்.

"ஏட்டி, பையப் போ. கருப்பட்டி உடையாம கொண்டு குடு."